குழாய் உறையவில்லை

நவம்பர் 9. வெளியே மைனஸ் 4.

இன்று முதல் ஒரு நோட்டுப் போடுகிறேன். டயரி என்றால் மேகலா சிரிப்பாள், அதனால் கேஸ் நோட்டு என்று பெயர். எந்த சிலிண்டர் என்றைக்குத் தீர்ந்தது, வெளியே எவ்வளவு குளிர், தண்ணீர்க் குழாய் எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் எழுதுவதாக உத்தேசம்.

நாங்கள் இருப்பது டிரெய்லர் வீடு. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். இருபத்தெட்டடி நீளம், எட்டடி அகலம். அமெரிக்காவில், வயோமிங்கில் நான் வேலை பார்க்கும் காற்றாலைத் தளம் இங்கிருந்து பதினைந்து நிமிடம். ஒழுங்கான வாடகை வீடு வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் பனிச்சாலையில் ஓட்ட வேண்டும். கயத்தாற்றுக் காற்றாலைகளில் பத்து வருடம் உச்சி வெயிலில் ஏறி இறங்கியவன் நான். குளிர் என்னை என்ன செய்துவிடும்?

மேகலாவுக்கு இது நான்காம் மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. டல்லாஸில் இருக்கும் அவள் அக்கா, பவானி மதினி, தினமும் போன் போட்டு "குளிர் முடியிற வரைக்கும் அவள இங்க அனுப்பி வைங்க தம்பி" என்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அங்கேதான் போகப்போகிறோம், அதற்குள் என்ன அவசரம்? அவளும் போய்விட்டால் இந்தத் தகரப் பெட்டிக்குள் நான் யாரோடு பேசுவது? இதை மதினியிடம் சொல்ல முடியுமா. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15. மைனஸ் 9.

வீட்டுக்குப் பாவாடை கட்டினேன். நான் வைத்த பெயர்தான். டிரெய்லருக்கு அடியில் இரண்டடி உயரத்துக்குக் காலி இடம். அதில் காற்று புகுந்தால் தரைக்கடியில் ஓடும் குழாய்கள் உறைந்துவிடும். அதனால் நாலு பக்கமும் தெர்மோகோல் பலகையை அறுத்து நிறுத்தி, இடுக்கெல்லாம் நுரை அடித்து அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். ஒரு எறும்பு உள்ளே போக முடியாது.

டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் இந்த இடத்தை நடத்துகிற லொரேன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அறுபது வயதிருக்கும். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவளாம், இன்னும் எல்லோரையும் சீட்டில் உட்கார வைக்கிற மாதிரியே பேசுவாள்.

"இவ்வளவு இறுக்கமா அடைக்காதே. ரெண்டு பக்கம் காத்துக்கு வழி விடு" என்றாள்.

காற்று வராமலிருக்கத்தானே இத்தனை பாடு? சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன்.

நவம்பர் 16. ஒரு சிலிண்டர் காலி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நன்றாக எரிகிறது.

நவம்பர் 23. மைனஸ் 11.

இன்று ஒரு கண்டுபிடிப்பு. மேகலா இட்லி மாவைப் புளிக்க வைப்பதற்காகத் தரையில், ஃபர்னஸ் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்திருந்தாள். அந்த மூலையில் சுவரடியில்தான் கேஸ் அலாரம். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் கேஸ் கசிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்தாலும் கத்துகிற அலாரம். விடிந்து நாங்கள் காப்பி குடிக்கும்போது வீல் என்று கத்தியது பாருங்கள்! மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் பனியில் ஓடினாள்.

நான் ஓடவில்லை. கேஸை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், சோப்புத் தண்ணீர் போட்டு எல்லா இணைப்பையும் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. பிறகு மாவுப் பாத்திரத்தை அலாரத்தருகே கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். கத்தியது. தள்ளி வைத்தேன். நின்றது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். புளித்த மாவின் ஆவிதான். இந்த ஊர்க்காரன் செய்த அலாரத்துக்கு இட்லி என்றால் என்ன தெரியும்?

"நல்லவேளை, உங்க மூளை வேலை செஞ்சுது" என்றாள் மேகலா. இட்லி பஞ்சு மாதிரி வந்திருந்தது.

நவம்பர் 25. மைனஸ் 8.

ஸ்கேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. என்ன குழந்தை என்று கேட்டேன். ஊரில் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது, இங்கே சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பெண். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 2. மைனஸ் 14.

லொரேன் இன்று ஒரு கூத்து அடித்தாள். தபால் கொடுக்க வந்தவள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். மேகலா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பாயை விரித்துப் படுத்திருக்கிறாள். லொரேன் மயக்கம் என்று நினைத்துக் கதவை உடைக்காத குறை. மேகலா எழுந்து, எங்கள் ஊரில் கட்டில் இருந்தாலும் மதியத்துக்குத் தரைதான், அதில்தான் முதுகுக்கு இதம் என்று விளக்கியிருக்கிறாள். "சரி, இனிமே பாத்தா எழுப்ப மாட்டேன்" என்று லொரேன் சொன்னாளாம். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

டிசம்பர் 6. மைனஸ் 19.

குழந்தை அசைந்தது. என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. உள்ளே இருந்து ஒரு விரல் தட்டுகிற அளவுதான்.

டிசம்பர் 8. மைனஸ் 28.

உறைந்துவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். வெளிக்குழாயில் சுற்றியிருக்கும் சூட்டு நாடா வேலை செய்கிறது. உறைந்தது தரைக்கடியில். ஃபர்னஸ் காற்று அங்கே போதவில்லை. நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மேகலா பகல் முழுக்கப் பனியை அள்ளி அடுப்பில் உருக்கியிருக்கிறாள், ஐந்தாம் மாத வயிற்றோடு.

நான் வந்ததும் கத்தவில்லை. அதுதான் பயம். "அக்காட்ட பேசிட்டேன். புதன்கிழமை டிக்கெட் இருக்கு. நான் போறேங்க" என்றாள்.

"ஒரே ஒரு நாள் குடு. நாளைக்குக் குழாய்ல தண்ணி வரலேன்னா நானே ஏத்தி விடுறேன்" என்றேன்.

டிசம்பர் 9. மைனஸ் 26.

தண்ணீர் வந்துவிட்டது!

வேலைத்தளத்தில் ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய புரொப்பேன் ஹீட்டர் ஒன்று என் வண்டியில் கிடந்தது. கொட்டகைக்குள் வைத்துக் குளிர் காய்கிற வகை. பாவாடையில் ஒரு பலகையைக் கழற்றி, பனியில் மண்டியிட்டு ஊர்ந்து, குழாய் ஓடும் இடத்துக்குக் கீழே அதை வைத்தேன். சிலிண்டர் வெளியே, குழல் மட்டும் உள்ளே. இரண்டு மணி நேரத்தில் குழாய் இருமி இருமி, கடைசியில் நீளமாகக் கொட்டியது. மேகலா கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நான் வெளியே கை உதறிக்கொண்டிருந்தபோது லொரேன் வந்தாள். அடியில் தீ எதுவும் வைத்திருக்கிறாயா என்று நேராகவே கேட்டாள்.

"தீ வேண்டாம். மூடின இடத்துல எரிஞ்சா விஷப்புகை வரும், மேல ஏறும். உன் பொண்டாட்டி மாசமா இருக்கா" என்றாள்.

கரண்ட் பல்புதான் வைத்திருக்கிறேன் என்றேன். சும்மா ஒரு பேச்சுக்கு. கரண்ட் ஹீட்டர் வைத்தால் ஃபியூஸ் போகிறது என்பதை இவளிடம் யார் விளக்கிக்கொண்டிருப்பது? ஒரு பலகையில் கையளவு ஓட்டை விட்டிருக்கிறேன், அது போதும். கொஞ்சம் உறைபனி விட்டதும் எடுத்துவிடுவேன்.

மேகலாவிடம் ஹீட்டர் என்றுதான் சொன்னேன். என்ன ஹீட்டர் என்று அவள் கேட்கவில்லை. டிக்கெட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 10. மைனஸ் 25.

இதை யோசிக்கவே இல்லை: தரை வெதுவெதுவென்று இருக்கிறது! சமையல் மூலையில், சிங்க் பக்கத்தில், வெறுங்காலோடு நிற்கலாம். மேகலா பாயை அங்கேயே போட்டுவிட்டாள். குழாய்க்குச் சூடு கிடைக்கட்டும் என்று சிங்க் அலமாரிக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாவுப் பாத்திரமும் அங்கேதான். "ஊர்ல சிமெண்ட் தரைல படுத்த மாதிரி இருக்குங்க" என்றாள். மதினிக்குப் போன் போட்டு என்னைப் புகழ்ந்ததை நான் காதால் கேட்டேன்.

எதிர் வரிசையில் மூன்று டிரெய்லர்களில் குழாய் உறைந்துவிட்டதாம். நம் வீட்டில் இல்லை.

டிசம்பர் 12. மைனஸ் 23.

அலாரம் மறுபடி. மாவுதான், இன்று நன்றாகப் பொங்கி வழிந்திருந்தது. பாத்திரத்தைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பவும் கத்தியது. ஆவி வீடு முழுக்கப் பரவியிருக்கும். மேகலா காதைப் பொத்திக்கொண்டாள், தலை வலிக்கிறது என்றாள். வயரைக் கழற்றி அலாரத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.

"இருக்கட்டுமேங்க, பயமா இருக்கு" என்றாள்.

"போன தடவை நிரூபிச்சுக் காட்டினேனா இல்லையா?" என்றேன்.

டிசம்பர் 13. ஒரு சிலிண்டர் காலி. மாற்றினேன்.

டிசம்பர் 14. மைனஸ் 20.

ஞாயிறு. நாள் முழுக்க வீட்டில். எனக்கே தலைவலி, நெற்றியில் பட்டி கட்டின மாதிரி. பனி வெளிச்சத்தில் கண் கூசுவதால் இருக்கும். வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது, வீட்டில் உட்கார்ந்தால் வருகிறது. நான் சோம்பேறி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மேகலா இரண்டு முறை வாந்தி. மசக்கை நின்று ஒரு மாதமாயிற்றே என்றாள். சிலருக்குத் திரும்பி வருமாம், இணையத்தில் படித்தேன். படித்துக் காட்டினேன். கன்னம் மட்டும் நல்ல சிவப்பு. ரத்தம் ஊறியிருக்கிறது.

டிசம்பர் 16. மைனஸ் 24.

டல்லாஸ் பிள்ளைகள் நாலு பேருக்கு மேகலா வீடியோவில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இன்று ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை திருத்தியிருக்கிறது. அதோடு அந்தப் பிள்ளையின் பெயரும் மறந்துவிட்டதாம். வருத்தப்பட்டாள். மாசமாக இருந்தால் மறதி வருவது சகஜம் என்று தேற்றினேன்.

பாவாடையில் விட்ட ஓட்டை வழியாகக் காற்று ஊளையிடுகிறது, ஹீட்டர் தீ அணைந்து அணைந்து போகிறது. பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். இப்போது சீராக எரிகிறது. கொஞ்சம் மஞ்சளாக.

ஒரு சிலிண்டர் காலி. மாற்றினேன்.

டிசம்பர் 17. மைனஸ் 24.

"இவ ரெண்டு நாளா அவ்வளவா அசையலங்க" என்றாள் காலையில்.

தூங்குகிறாள், என்னைப் போல என்றேன். சிரிக்கவில்லை. டாக்டருக்குப் போன் போடவா என்றாள். வெள்ளிக்கிழமை நான் சீக்கிரம் வந்து அழைத்துப் போகிறேன், இன்றைக்கு ரோட்டில் பனிப்புயல் எச்சரிக்கை என்றேன். எச்சரிக்கை உண்மைதான்.

ஒரு சிலிண்டர் காலி. மாற்றினேன். இதை நேற்றே எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. எது சரி என்று நினைவில்லை.

டிசம்பர் 18. மைனஸ் 27. குழாய் உறையவில்லை. பத்தாவது நாள்.

டிசம்பர் 20.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு வண்டியில் கிடந்தது. வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, சீக்கிரம் வருகிறேன் என்று சொன்ன நான் இன்னும் தளத்தில் இருந்தபோது, நாலரை மணிக்கு லொரேன் போன் செய்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. மேகலாவைப் பனியில் ஒரு கம்பளியின் மேல் கிடத்தி முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். லொரேன்தான் கதவை உடைத்து இழுத்து வந்திருக்கிறாள். பாவாடையில் ஒரு பக்கப் பலகை முழுவதையும் அவளே உதைத்துத் தள்ளியிருந்தாள். ஹீட்டர் வெளியே கவிழ்ந்து கிடந்தது. அதை அவள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "ரெண்டு மணிக்கே பாத்தேன். தரையில படுத்திருந்தா. உங்க வழக்கம்னு அவ சொன்னாளேன்னு எழுப்பாம போயிட்டேன். நாலு மணிக்கும் அதே மாதிரி, கையக்கூட மாத்தாம படுத்திருந்தா." அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவள் பொறுப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மேகலா பிழைத்துவிட்டாள். கண் விழித்தாள், என் பெயரைச் சொன்னாள்.

குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

டிசம்பர் 21.

பிரசவம் போலவேதான் செய்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். விரல்கள் எல்லாம் இருந்தன. நகம்கூட.

டிசம்பர் 22.

டாக்டர் மேகலாவிடம் மெதுவாக விளக்கினார். கார்பன் மோனாக்சைடு, வாசனை கிடையாது, தாயைவிட வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், லேசில் விடாது. டிரெய்லர்களில் குளிர்காலத்தில் நடப்பதுதான், விபத்து என்றார். எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என்று என்னைக் கேட்டார். ஃபர்னஸாக இருக்கலாம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டிசம்பர் 23.

பவானி மதினி வந்துவிட்டாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்துக் கதவருகிலேயே நின்றேன்.

மேகலா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவர ஒண்ணும் சொல்லாதக்கா. மைனஸ் இருபத்தஞ்சுல மண்ணுல படுத்து உருண்டு எனக்காகத் தண்ணி வர வச்சாரு. நாந்தான் பாவி. நான் மாவ அங்க வைக்கலேன்னா அந்த அலாரத்த யாரு கழட்டப்போறா? ஒரு இட்லிக்கு ஆசப்பட்டு எம் புள்ளைய நானே…"

மதினி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்து கொண்டேன். நான் கோழை. இதை எழுதுவதற்கே மூன்று நாள் ஆகியிருக்கிறது. மாவு ஒரு பாவமும் செய்யவில்லை. அலாரம் இரண்டாம் முறை உண்மையைத்தான் கத்தியது. அடியில் தீ வைத்தவன் நான், காற்றுக்கு இருந்த ஒரே வழியைத் துண்டால் அடைத்தவன் நான், வேண்டாம் என்று சொன்னவளிடம் பொய் சொன்னவன் நான்.

டிசம்பர் 24.

சொல்லிவிட்டேன்.

மதினியும் இருக்கும்போதேதான். தனியாகச் சொன்னால் மேகலா என்னை மன்னித்துவிடுவாள் என்ற பயம் இருந்தது. ஹீட்டர், லொரேன் கேட்டது, பல்பு என்று நான் புளுகியது, துண்டு, டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்று விடாமல் சொன்னேன். மதினி எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

மேகலா அழவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"லொரேன் எப்ப சொன்னா?"

"ஒம்பதாம் தேதி. தண்ணி வந்த அன்னைக்கு."

"அன்னைக்கு எங்கிட்ட ஏன் சொல்லல?"

இதற்கு என்னிடம் நாலைந்து பதில் தயாராக இருந்தது. ஆனால் வாயில் உண்மைதான் வந்தது.

"சொல்லியிருந்தா நீ டல்லாஸ் போயிருப்ப."

அவள் தலையாட்டினாள். ஒரு சின்னக் கணக்குக்கு விடை சரிதான் என்கிற மாதிரி, அவ்வளவு அமைதியாக.

"ஆமா, போயிருப்பேன். நானும் அவளும் இந்நேரம் அக்கா வீட்ல இருந்திருப்போம்."

மதினி தன் டிக்கெட்டோடு மேகலாவுக்கு மட்டும் ஒன்று சேர்த்துப் போட்டிருக்கிறாள். நாளை காலை பத்து மணிக்கு விமானம்.